பல்லு பாய்

குதிரைகளிடம் அவர் மரியாதையாகத்தான் பேசுவார். மனிதர்களில் சிலரை நீ என்பார், வா போ என்பார். எந்தக் குதிரையையும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. "வாங்க ராசா, கொஞ்சம் வாயத் தொறங்க. ஒண்ணும் பண்ணல, பாத்துட்டு எடுத்துர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டுவிடுவார். கண்கள் எங்கோ செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் உள்ளே ஒவ்வொரு பல்லாகப் போய்வரும்.

எங்கள் பக்கத்தில் அவருக்குப் பல்லு பாய் என்று பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி, மலேசியா. கோல சிலாங்கூருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். என் அப்பா அங்கேதான் குலை வெட்டினார், நான் அந்தத் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்தேன். தோட்டத்தின் முதலாளிகளுக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆசை. ஓடிக் களைத்த குதிரைகளையும், இனி ஓட முடியாது என்று ஒதுக்கப்பட்டவற்றையும் கொண்டுவந்து விட, தோட்டத்தின் ஓரமாக ஒரு லாயம் கட்டியிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அங்கே நின்றன. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னை லாயத்து ஆபீசில் கிராணியாகப் போட்டார்கள். தீனி வரவழைப்பது, மாட்டு ஆஸ்பத்திரி டாக்டருக்கும் லாடம் அடிப்பவருக்கும் பாய்க்கும் போன் போட்டு, நேரத்துக்கு வரச் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை.

குதிரைக்குப் பல் வைத்தியம் என்று முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகுதான் புரிந்தது. குதிரையின் பல் வயதாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் புல்லை அரைப்பதால் தேய்ந்துகொண்டும் இருக்கும். ஆனால் ஒரே சீராகத் தேயாது. மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் மேற்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தப்பித்துக்கொண்டு, கத்தி முனைபோலக் கூராகிவிடும். மேலே உள்ளது கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். குதிரை அதை யாரிடம் போய்ச் சொல்லும்? சாப்பாட்டைக் குறைக்கும், தலையைச் சாய்த்து மெல்லும், கடிவாள இரும்பு பட்டால் திமிறும். மனிதர்கள் அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீளக் கைப்பிடி போட்ட அரத்தால் அந்தக் கூரை ராவிவிட்டால் போதும், அதே குதிரை ஆட்டுக்குட்டி மாதிரி நடக்கும்.

பாய் சபாக்கிலிருந்து ஹோண்டா மோட்டார் சைக்கிளில் வருவார். அரங்களை ஒரு பி.வி.சி. குழாய்க்குள் செருகி, ரப்பர் வாரால் வண்டியோடு கட்டியிருப்பார். தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து சிறுவயதில் வந்தவர். சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கடை, துணிக்கடை என்று போக, இவர் மட்டும் ஈப்போ பந்தயத் திடலில் குதிரைகளைக் குளிப்பாட்டப் போனாராம். அங்கே ஓர் ஆஸ்திரேலியக்காரர் குதிரைப் பல்லை ராவுவதைப் பார்த்து, அவர் பின்னாலேயே பல வருடங்கள் அலைந்து கற்றுக்கொண்டிருக்கிறார். வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணு குறைவு. எந்தக் குதிரை கடித்தது என்று கேட்டால், "கடிச்சது அது. கைய தப்பா வச்சது நானு" என்பார்.

அவர் அப்படித்தான். கையில் தட்டுப்பட்டதைச் சொல்வார். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார், ஆள் பார்த்தும் சொல்ல மாட்டார்.

ஒருமுறை முதலாளிகளில் ஒருவர் புதிதாகக் கொண்டுவந்த தம் கறுப்புக் குதிரையைக் காட்ட நண்பர்களைக் கூட்டிவந்திருந்தார். எல்லாரும் பெரிய மனிதர்கள். பாய் வாளியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, குதிரையின் வாய்க்குள் கையை விட்டு எடுத்தார்.

"வலது பக்கம் மேல கடைசிப் பல்லு கொக்கி மாதிரி வளந்திருக்கு. கன்னம் ரெண்டு எடத்துல கிழிஞ்சிருக்கு. ஒரு வருசமா யாரும் பாக்கல."

முதலாளியின் முகம் சுருங்கியது. "போன மாசம் கோலாலம்பூர்ல பெரிய டாக்டர் பாத்தாரே?"

"பாத்திருப்பாரு முதலாளி. கை விட்டிருக்க மாட்டாரு."

நண்பர்களில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. பாய் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அரத்தை எடுக்கக் குனிந்துவிட்டார்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு கிழட்டுக் குதிரைக்குப் பல் ராவிக்கொண்டிருந்தபோது, ஒரு பல்லின் முனை சில்லாக உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்தில் வேறு யாருமில்லை. தலையைப் பிடித்துக்கொண்டிருந்த குதிரைக்காரர் முனியாண்டி அண்ணன்கூட மறுபக்கம் திரும்பியிருந்தார். பாய் நேராக ஆபீசுக்கு வந்து, மேனேஜரின் மேஜைமேல் அந்தச் சில்லை வைத்தார்.

"நான்தான் ஒடச்சேன் சார். அழுத்திட்டேன். ஒரு வாரம் கூழா குடுக்கணும்."

எங்கள் மேனேஜர் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். கறாரான மனிதர், ஆனால் நியாயம் தெரிந்தவர். பாய் போனபின் என்னைப் பார்த்து, "நீயா இருந்தா வந்து சொல்லியிருப்பியா?" என்று கேட்டார். நான் சொல்லியிருப்பேன் என்றேன். அப்போது அதை நானே நம்பினேன்.

பாய்க்கு என்மேல் ஒரு பிரியம் இருந்தது. வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவருவார். இரண்டு தேங்காய், ஒரு சீப்பு பிசாங் வாழை, காகிதத்தில் சுற்றிய கருவாடு. "ஊட்ல அம்மாகிட்ட குடுங்க தங்கச்சி" என்பார். மதியத் தொழுகைக்கு ரம்புத்தான் மரத்தடியில் தொழுகை விரிப்பை விரிக்கும்முன் என்னிடம் மணி கேட்பார். அவர் கையில் கடிகாரம் கட்டமாட்டார், வேலைக்கு ஆகாது.

எங்களுக்குள் விரிசல் விழுந்தது தீனியால். தீனி வைக்கும் கொட்டகையின் கூரை ஒழுகுவது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். ஆள் விட்டுச் சரிசெய்ய வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். அந்த ஜூலை மாதம் பாய் பல் ராவ வந்தார். செவலை என்று நாங்கள் கூப்பிட்ட சிவப்புக் குதிரையின் வாயிலிருந்து கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்த குதிரையிடம் போய் அதையும் முகர்ந்தார். மேனேஜர் அப்போது அங்கேதான் நின்றிருந்தார்.

"பூஞ்ச வாட வருது சார். தீனி நனஞ்சிருக்கு."

"ஸ்டோர் யார் பாக்கறது?" என்று மேனேஜர் திரும்பினார்.

"அது எனக்குத் தெரியாது சார். வாய்க்குள்ள இருக்கறத சொன்னேன்."

மேனேஜர் என்னை அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்துக் கத்தினார். லயத்து ஆட்கள், லோரி டிரைவர், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளையை ஆபீசில் உட்காரவைத்தால் இப்படித்தான் என்றும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தது. அது என் காதில் மட்டும் விழவில்லை, கொஞ்சம் தள்ளிக் குலை ஏற்றிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டது.

மாலையில் வண்டியைக் கிளப்பும்முன் பாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"கோவமா தங்கச்சி?"

"இல்ல பாய்."

"பூஞ்ச புடிச்சத தின்னா செத்துப் போயிரும்மா. அதான் சொல்லிட்டேன்."

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அன்றைக்கு இரவெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.

அடுத்த முறை அவரைக் கூப்பிட வேண்டியது ஜனவரியில். அவர் வீட்டில் போன் கிடையாது. சபாக் டவுனில் அவர் மச்சானின் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னால், இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார். ஜனவரி முதல் வாரம் நான் போடவில்லை. இரண்டாவது வாரமும் போடவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று ஓர் அற்ப எண்ணம். பொங்கல் வந்தது, தைப்பூசம் வந்தது. பிப்ரவரி ஆனதும் கோபம் போய்விட்டது, ஆனால் இவ்வளவு நாள் ஏன் கூப்பிடவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்துவிட்டது. போனில் மூன்று எண்களைச் சுற்றிவிட்டு ரிசீவரை வைத்துவிடுவேன். மச்சான் கடைக்காரரே ஒருநாள் போன் போட்டு, "மாப்புள கேக்கச் சொன்னாரு, அங்க வேல இல்லியா?" என்றார். "சொல்றோம்" என்று வைத்துவிட்டேன்.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் மூத்தவர் முனியாண்டி அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் குழந்தையில் தூக்கியவர். மார்ச் மாதம் அவர் ஆபீசுக்கு வந்தார்.

"பாப்பா, செவல புல்ல மென்னு மென்னு உருண்டையா துப்புது. தலைய வேற சாச்சிக்கிட்டே இருக்கு. பாய வரச் சொல்லு."

"போன் போட்டேண்ணே. ஆளு ஈப்போவுல இருக்காராம்."

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அவர் அந்தப் புல் உருண்டை ஒன்றைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். அதில் ரத்தம் கோடுபோல இருந்தது. "சரிண்ணே, நாளைக்குக் கண்டிப்பா" என்றேன். அப்போது நிஜமாகவே கூப்பிடுவதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை முனியாண்டி அண்ணன் வழக்கம்போலச் செவலையை நடைக்கு ஓட்டிப்போனார். செம்மண் பாதையில் எதிரே குலை ஏற்றிய லோரி வந்தது. ஓரமாக நிறுத்துவதற்காகக் கடிவாளத்தை இழுத்திருக்கிறார். செவலை முன்னங்கால்களைத் தூக்கி நேராக எழுந்து, அப்படியே முதுகுப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அண்ணனின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. தொடையில் இரண்டு முறிவு. அவரை லோரியிலேயே போட்டு எடுத்துப்போனார்கள். அவர் மனைவி லயத்திலிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்தது இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மேனேஜர் லோரி டிரைவரை விசாரித்தார். லோரி மெதுவாகத்தான் வந்தது, குதிரை லோரியைப் பார்த்து மிரளவே இல்லை, கடிவாளத்தை இழுத்தபோதுதான் எழுந்தது என்றார் டிரைவர்.

மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "பாய் கடைசியா எப்ப பல்லு பாத்தாரு?"

வீட்டில் நான்தான் மூத்தவள். எனக்குக் கீழே மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருட வேலைதான் பாக்கி. இதையெல்லாம் அந்தக் கணத்தில் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். யோசிக்கவில்லை. வாய் தானாகவே திறந்தது.

"தைப்பூசத்துக்கு எல்லாரும் பத்துமலைக்குப் போயிருந்தாங்கல்ல சார், அப்ப வந்தாரு. பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டுப் போனாரு."

சொல்லி முடித்தபிறகுதான் அந்தப் பொய் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. தைப்பூசத்துக்கு மூன்று நாள் லாயத்தில் குதிரைக்காரர்கள் யாருமில்லை. தீனி போட வெளியிலிருந்து இரண்டு ஆட்களை வைத்திருந்தோம். பாய் முஸ்லிம், அவருக்கு அன்றைக்கு வேலை நாள்தான். ஒருவரும் மறுத்துச் சொல்ல முடியாது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "அப்ப கோளாறு வாயில இல்ல. குதிரைக்குப் புத்தி கெட்டுப்போச்சு." கோலாலம்பூருக்குப் போன் போட்டு முதலாளியிடம் பேசினார். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து செவலைக்கு ஊசி போட்டு முடித்துவிடுவதென்று ஏற்பாடாயிற்று. போனை வைத்துவிட்டு, "எதுக்கும் பாயையும் ஒரு தரம் வரச் சொல்லு. அவர் வாயால கேட்டுட்டா எனக்கு நிம்மதி" என்றார்.

அந்தப் போனை நான்தான் போட்டேன். இத்தனை மாதம் சுற்றாத எண்கள் அன்றைக்கு ஒரே மூச்சில் சுற்றின. முன்கூட்டியே பாயிடம் சொல்லிவிடலாம், காலில் விழலாம் என்று நினைத்திருந்தேன். வழியில் போய் நிற்கக்கூட நினைத்தேன். ஆனால் அவர் மறுநாள் காலை ஏழரை மணிக்கே வந்து நேராக லாயத்துக்குள் போய்விட்டார். மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனபோது, பாய் செவலையின் நாக்கை இடது கையால் ஓரமாகப் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டிருந்தார்.

"சார், இது போன ஜூலைக்கப்புறம் யாரும் ராவாத பல்லு. நாக்குல ரெண்டு பக்கமும் புண்ணு. கன்னம் கந்தலா இருக்கு. கடவாய்க்கு முன்னால ஒரு கூரு, கடிவாளத்த இழுத்தா நேரா அதுல போய்த்தான் சத கிழியும். உயிரு போற வலி. அதான் எந்திரிச்சிட்டாரு."

"தைப்பூசத்துக்கு வந்து நீங்கதான பாத்தீங்க? ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களாமே?"

பாய் கையை வெளியே எடுத்தார். "யாரு, நானா?"

மேனேஜர் என்னைக் காட்டினார். பாய் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. தான்தான் எதையோ மறந்துவிட்டோமோ என்பதுபோல உண்மையாகவே யோசித்தார்.

"நான் வந்தேனா தங்கச்சி?"

இல்லை என்று சொல்ல எனக்கு முழு வாய்ப்பு இருந்தது. மூன்றே எழுத்து. நான் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "வந்தீங்க பாய்" என்றேன்.

மேனேஜர் பொறுமையிழந்தார். "பாருங்க பாய். குதிர மேல உங்களுக்குப் பாசம், எனக்குத் தெரியும். ரெண்டு மாசத்துக்கு முன்ன சுத்தமா இருந்த வாய் இப்டி ஆவாது. அத காப்பாத்தணும்னு நீங்க பெருசா சொல்றீங்க. ஒரு மனுசன் கால் போயிருக்கு. நாளைக்கு இன்னொருத்தன் உசிரு போனா யார் பதில் சொல்றது? வெள்ளிக்கிழம டாக்டர் வர்றாரு."

செவலை தன் கனத்த தலையைப் பாயின் தோளில் சாய்த்து வைத்திருந்தது. எச்சிலும் ரத்தமும் கலந்து அவர் முழங்கையிலிருந்து சொட்டியது. அவர் என்னைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். இந்த முறை அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமா சார்" என்றார். "வந்தேன். அவசரமா போக வேண்டியிருந்துச்சு. கை விட்டுப் பாக்கல. உதட்ட மட்டும் தூக்கிப் பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அப்பவே உள்ள இப்டித்தான் இருந்திருக்கும். தப்பு என்னுது. குதிர மேல ஒண்ணுமில்ல."

மேனேஜர் அதை நம்பினார். உடைந்த பல்லின் சில்லைத் தானே கொண்டுவந்து மேஜைமேல் வைத்த மனிதர் அல்லவா? அவர் வாயிலிருந்து பொய் வரும் என்று யார் நினைப்பார்கள்? அதனாலேயே மேனேஜருக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. ஒரு மனிதனின் காலை ஒடித்துவிட்டாய் என்று, வயதுக்குக்கூட மரியாதை இல்லாமல், நீ, உன் என்று பேசினார். இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்றார். பாய் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னிக்கு மட்டும் இத ராவி விட்டுட்டுப் போறேன் சார். அப்பறம் ஏறிப் பாக்கச் சொல்லுங்க. திமிறினா ஊசி போடுங்க."

இரண்டு மணி நேரம் ஆனது. தலையைப் பிடிக்க முனியாண்டி அண்ணன் இல்லை. வேறு யாரும் கிட்டே வரப் பயந்தார்கள். பாய் கயிற்றைத் தன் தோளில் சுற்றிக்கொண்டு, தனியாகவே வாய்திறப்பு இரும்பை மாட்டி, அரத்தை விட்டு இழுத்தார். பல் ராவும் சத்தம் ஆபீஸ்வரை கேட்டது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்தத் தகுதிகூட எனக்கில்லை என்று தோன்றியது.

போகும்போது என் ஜன்னலருகே வண்டியை நிறுத்தினார். என்ன கேட்டாலும் ஒப்புக்கொள்வது என்று எழுந்து நின்றேன்.

"நாலு நாளைக்குத் தீனிய தண்ணியில ஊறவச்சுக் குடுக்கச் சொல்லுங்க தங்கச்சி. உள்ள புண்ணு ஆறணும்."

அவ்வளவுதான் சொன்னார்.

வியாழக்கிழமை வேறொருவர் செவலைமேல் ஏறினார். அது ஒரு முறைகூடத் திமிறாமல் செம்மண் பாதையைச் சுற்றிவந்தது. மேனேஜரே டாக்டருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். அந்தக் கையோடு, தெரிந்த மற்ற லாயங்களுக்கும் போன் போட்டு, பாயைப் பற்றிச் சொன்னார். எச்சரிக்க வேண்டியது தம் கடமை என்று நினைத்தார். ஒவ்வொரு எண்ணையும் பார்த்துச் சுற்றிக்கொடுத்தது நான்.

முனியாண்டி அண்ணன் ஊன்றுகோலோடு திரும்பிவந்தபோது என்னிடம் கேட்டார். "பாயி வந்தாரா பாப்பா? ஈப்போவுல இருக்காருன்னு சொன்ன?" தைப்பூசத்துக்கு வந்துவிட்டு அப்புறம் ஈப்போவுக்குப் போய்விட்டார் என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று எப்போதும் தயாராக இருந்தது. அவர் "நல்ல மனுசன், இப்டிப் பண்ணிட்டாரே" என்று நொண்டிக்கொண்டே போனார்.

மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒரு வருடத்தில் அவர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனார். அன்றைக்கு அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி. பிறகு எனக்குக் கல்யாணமாகி ரவாங்குக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலை ஆபீசில் வேலை. முதல் பிள்ளை பிறந்து பல் முளைக்கும் நேரம், ஈறு வலியில் அவன் நாள் முழுக்க அழுவான். விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். கணவரிடம்கூடச் சொல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, மூன்று பஸ் மாறி சபாக்குக்குப் போனேன்.

மச்சானின் சாப்பாட்டுக் கடையில் விசாரித்தேன். கடைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டைக் காட்டினார்கள். பாய் இப்போது குதிரை வேலைக்குப் போவதில்லை, கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறார் என்றார்கள். நான் போனபோது அசர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் இன்ன தோட்டத்து ஆபீசில் இருந்தவள் என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"நீங்கதானா அந்தப் புள்ள? தேங்கா குடுத்தேன், கருவாடு குடுத்தேன்னு வந்து சொல்லுவாரு. கட்டி வச்சதெல்லாம் நான்தான்."

டீயும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். தொட எனக்கு மனமில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். போன் போடாததை, பூஞ்சைத் தீனியை, முனியாண்டி அண்ணனிடம் சொன்னதை, தைப்பூசத்தை. "பாய் வரவே இல்லக்கா. நான்தான் கூப்பிடல. அவர் மேல பழியப் போட்டது நான்தான்" என்று சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

"நாலு வருசமா என்கிட்டகூட அவரு..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் உள்ளே வந்தார். தாடி முழுவதும் நரைத்துவிட்டிருந்தது. சட்டையில் மாவு ஒட்டிய தடம்.

"வாங்க தங்கச்சி" என்றார், போன வாரம்தான் பார்த்ததுபோல.

மனைவி எழுந்து நின்றார். "இந்தப் புள்ள என்ன சொல்லுது கேளுங்க. நீங்க அன்னிக்குப் போகவே இல்லியாமே? பழிய ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

பாய் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"போனேனே. நான்தான போனேன். கை விட்டுப் பாக்காம வந்துட்டேன். அத சார்கிட்டயே சொல்லிட்டேன்ல."

"பாய்..." என்றேன்.

"நீங்க மறந்திருப்பீங்க தங்கச்சி. அன்னிக்குக் கூட்டம், தைப்பூசம்." பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "செவல இருக்காரா?"

"இருக்கு பாய். நான் வேலய விடறவரைக்கும் நல்லா இருந்துச்சு. புள்ளைங்க ஏறிப் பழகக் குடுத்துட்டாங்க."

"தீனி எடுக்கறாரா?"

"எடுக்குது."

"போதும்" என்றார். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை, வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னவர் என்று மனைவிக்குத் தெரிவதைவிடக் கவனக்குறைவானவர் என்ற பெயரே மேல் என்று நினைத்தாரா என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். எதுவானாலும் அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தவள் நான்தான்.

அந்த அம்மா பஸ் நிற்கும் இடம்வரை என்னோடு வந்தார். தின்னாமல் வைத்த பலகாரத்தைக் காகிதத்தில் கட்டி என் பையில் திணித்தார். வரும் வழியெல்லாம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தவர், பஸ் தூரத்தில் தெரிந்ததும் என் கன்னத்தைத் தடவினார்.

"ஒங்க மனசு யாருக்கு வரும்மா? அவரு செஞ்ச தப்ப ஒங்க தலையில போட்டுக்கிட்டு, இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து சொல்றீங்க. நான் அவர கொற சொல்லக் கூடாதுன்னுதான?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். அந்த அம்மா என் கையை இன்னும் விடவில்லை. நான் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.